ராஜலிங்கத்தின் இரண்டாவது நெஞ்சு

"உசுரோட இருக்கிற மனுசன கம்ப்யூட்டர்ல போட்டுக் கொல்றதுக்கா ஒன்ன கெம்பஸுக்கு அனுப்பினோம்?"

"கத்தாதீங்கம்மா. யாரும் கொல்லல்ல. முழுசா பாருங்கன்னு தானே சொல்றேன்."

"என்னாத்த முழுசா பாக்குறது? பேரு போட்டிருக்கு, எங்க வீட்டு மனுசன் பேரு! நெஞ்சு துடிக்குது, துடிக்குது, அப்பறம் கெடந்து ஒதறுது, அப்பறம் சாம்பலாப் போவுது. நின்னுருச்சுடி! அவரு நெஞ்சு நின்னுருச்சு, நான் என் கண்ணால பாத்தேன்!"

அங்கம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மஹய்யாவையில் படிக்கட்டு ஏறிப்போகும் எங்கள் லேனில் எல்லா வீடும் அப்படித்தான், ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்திருக்கும். நான் அப்போது கொல்லைப்புறக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணி எல்லாம் எடுத்து முடிந்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். நிரோஷினி, அங்கம்மாவின் ஒரே மகள், பேராதனை கெம்பஸில் படித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று லேனில் ஆளுக்கொரு கதை. கம்ப்யூட்டருக்குள் மனுசன் நெஞ்சை வளர்க்கிறாளாம் என்பதுதான் அதில் கொஞ்சமாவது உண்மைக்குக் கிட்டே நின்றது. கெம்பஸில் ஊழியர் ஸ்ட்ரைக். அதனால் அந்தக் கிழமை முழுக்க வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் தாண்டி, தைத்துக்கொண்டிருந்த ப்ளவுஸை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு, பிள்ளைக்கு டீ கொண்டுபோனாள் அங்கம்மா. திரையில் ஒரு நெஞ்சு. அதன் மேல் அலை அலையாகச் சிவப்பும் மஞ்சளும் ஓடுகின்றன. மூலையில் தமிழிலேயே 'ராஜலிங்கம்' என்று எழுதியிருக்கிறது. மகள் பாத்ரூமில். தாய் நின்று பார்த்தாள். அலை சுழன்றது, நெஞ்சு நடுங்கியது, நிறம் வெளுத்தது, நின்றது. அங்கம்மா கம்ப்யூட்டரைப் படாரென்று மூடிவிட்டாள். டீ கொட்டிய சத்தம் எனக்கே கேட்டது.

"இப்பவே அழி அத."

"அழிக்க மாட்டேன்."

"அப்பன் பேருல வெளையாட்டா ஒனக்கு?"

"வெளையாட்டு இல்லம்மா! இத பாத்தாவது அப்பா ஒப்பரேஷனுக்குப் போவாருன்னு தான் செஞ்சேன்!"

நான் துணிக்கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"எந்த ஒப்பரேஷன்?" என்று அங்கம்மா கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ராஜலிங்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். லேனின் முக்கால்வாசிப் பிள்ளைகள் அவர் வேனில்தான். சத்தம் போட்டுப் பேசாத மனுசன், ஹோர்னைக்கூட ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் அடிப்பார். போன வருஷம் பெட்ரோல் ஷெட்டில் நின்றபோது திடீரென்று நெஞ்சு குதிரை மாதிரி ஓடி, கண் இருட்டி, வேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மனைவிக்குச் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போயிருக்கிறார். பிறந்த நாளிலிருந்தே அவர் நெஞ்சில் இருக்கக்கூடாத ஒரு குறுக்குப் பாதை இருக்கிறதாம். தொடை வழியாக மெல்லிய வயர் ஒன்றை விட்டு அந்த இடத்தை மட்டும் சுட்டுவிட்டால் சரி. விட்டுவைத்தால் ஒரு நாள் வேகம் பிடித்து, அப்படியே நின்றும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

"வேண்டாம், பிறகு பாப்போம்," என்றுவிட்டாராம் ராஜலிங்கம். கத்திக்குப் பயந்து அல்ல. வேன் ட்ரைவருக்கு நெஞ்சு வருத்தம் என்று தெரிந்தால் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்? அம்மாவுக்குச் சொன்னால் சுவருக்குச் சொன்ன மாதிரி, சுவருக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சுவர் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் நிரோஷினி அழுதழுது சொல்லி முடித்தாள். அங்கம்மா குரலெடுத்தாள் பாருங்கள்! "ஐயோ என் ராசா, எனக்கு ஒரு வார்த்த சொல்லாமப் போனீங்களே!" சொல்லாமல் டொக்டரிடம் போனதைத்தான் சொன்னாள். ஆனால் சாவு வீட்டில் எப்படிக் குரலெடுப்பார்களோ, அதே இழுப்பு, அதே ஏற்ற இறக்கம். அவளுக்கு வேறு மாதிரி அழத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கஜலட்சுமி படியிறங்கிப் போனாள். மேல் வீட்டுக்காரி. நல்லவள், ஆனால் எதையும் பாதிதான் கேட்பாள், மீதியைச் சொந்தமாகச் செய்துகொள்வாள். 'நெஞ்சு நின்னுருச்சு, என் கண்ணால பாத்தேன்' என்பதைக் கொல்லைப்பக்கம் வரும்போதே கேட்டிருக்கிறாள். இப்போது ஒப்பாரியும் கேட்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் மிச்சமிருக்கவில்லை.

எங்கள் மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் சுதேஷ். ராஜலிங்கத்துக்குத் தூரத்து அண்ணன் மகன் முறை. இதற்கு முந்திய சாவுக்கு வெள்ளைக்கொடியும் சனம் உட்காரக் கதிரையும் பிந்தி வந்ததென்று பொதுக்கூட்டத்தில் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. கஜலட்சுமி சொல்லி வாய் மூடுவதற்குள், சங்கத்து அறையைத் திறந்து வெள்ளைக்கொடிகளை அள்ளிவிட்டான். ரோட்டு முனையிலிருந்து படிக்கட்டு வரைக்கும் கயிறு கட்டி, லைட் கம்பத்துக்குக் கம்பம் கொடி. சங்கத்தின் சரித்திரத்தில் அவ்வளவு ஒழுங்காகக் கொடி கட்டினது அதுதான் முதல் தடவை. சாமான் கடை ஜமால்தீன் நானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "நேத்துக் கூட எங்கிட்ட சவுக்காரம் வாங்கினாரே மனுசன்," என்று வெளியே வந்து நின்றார். யாரோ ராஜலிங்கத்தின் போனுக்கு அடித்துப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. வேன் ஓட்டும்போது அவர் எப்போதும் போனை டேஷ்போர்ட் பெட்டிக்குள் பூட்டிவிடுவார். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆஸிகாவுக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வந்தது. கீழ் வீட்டு ஆஸிகா. அவள் மகன் நஸீப் இரண்டாம் வகுப்பு.

"அப்ப புள்ளையள்?" என்றாள். "அவர் புள்ளையள ஏத்தப் போனவர் தானே? வேன் எங்கே ஈக்கிது?"

தலையில் போட்ட ஷோல் வழியில் விழ, செருப்பும் இல்லாமல், அவள் பிரதான ரோட்டுப் பக்கம் ஓடினாள். ஒட்டுக்கேட்டது வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை கொஞ்சம் சுவாரசியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சுவருக்கு அந்தப்பக்கம் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அழுது ஓய்ந்து போயிருந்தார்கள். அவர்களுக்கு வெளியே நடந்த ஒன்றும் தெரியாது. சுதேஷ் பையன்களோடு சங்கத்துக் கதிரைகளைச் சுமந்துகொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். சத்தம் கேட்டு அங்கம்மா கதவைத் திறந்தாள். கதிரை. கதிரைக்குப் பின்னால் சனம். சனத்துக்குப் பின்னால், படிக்கட்டு நெடுக, வெள்ளைக்கொடி.

"யாருக்குடா?"

சுதேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "சித்தப்பாவுக்குத் தான், சித்தி."

தான் கிளப்பிய செய்தி தன் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கணவனுக்கு நெஞ்சில் வருத்தம் என்று கேட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவள் அழவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு படித்த நிரோஷினியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கொன்று கொன்று பார்த்தது பலித்துவிட்டது என்று அந்த நிமிஷம் நினைத்தாளாம். பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்த நேரத்தில் கீழே ஹோர்ன் கேட்டது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி, மெதுவாக, ஒரு தரம்.

வேன் வந்து நின்றது. ராஜலிங்கம் கொடிகளைப் பார்த்தார். உடனே ரேடியோவை நிறுத்தினார். அவர் பண்பு அப்படி. "புள்ளைகளா, நம்ம லேன்ல யாரோ தவறிட்டாங்க. சத்தம் போடாம, வரிசையா எறங்குங்க," என்றார். அவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஆஸிகா இருந்தாள், மகனை மடியில் இறுக்கிக்கொண்டு. வழியில் அவளைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். என்னவென்று கேட்டிருக்கிறார். அவளுக்கு அழுகையில் பேச்சே வரவில்லையாம்.

ஜமால்தீன் நானாவிடம் தாழ்ந்த குரலில், "யாரு நானா?" என்று கேட்டார் ராஜலிங்கம்.

நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பார்த்தார். "மேல போய்ப் பாருங்க," என்றார்.

ராஜலிங்கம் சேர்ட் பட்டனைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிற நடையில் படியேறினார். சனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. தன் வீட்டு முற்றத்தில் கதிரைகளைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. "அங்கம்மா?" என்று கூப்பிட்டார். குரல் உடைந்து போயிருந்தது. மனைவிக்கு என்னவோ என்று நினைத்துவிட்டார், பாவம்.

அங்கம்மா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு அடி. பிறகு அதே இடத்தில் காதை வைத்துக்கொண்டாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் தெருவில் சேர்ந்து நடந்துகூட நான் பார்த்ததில்லை, அவள் எப்போதும் பத்தடி பின்னால்தான் வருவாள். இப்போது லேன் முழுக்கப் பார்க்க, காதை எடுக்காமல் நின்றாள்.

"துடிக்குது," என்றாள்.

"துடிக்காம?" என்றார் அவர். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

கதிரை இருந்ததால் எல்லோரும் உட்கார்ந்தோம். சாவுக்கென்று கொதிக்கவைத்த ப்ளேன்டீயும் வந்தது. அதை வீணாக்குவானேன். அப்போது படியேறி மூச்சு வாங்க ஒரு பையன் வந்தான். துவாரகன். நிரோஷினியோடு கெம்பஸில் ஆராய்ச்சி செய்கிற யாழ்ப்பாணத்துப் பையன். யாரோ போனில் சொல்லி, வெள்ளை சேர்ட் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பேராதனையிலிருந்து வந்திருக்கிறான். பிணமாக இருக்க வேண்டியவர் கையில் டீயோடு, "வாங்க தம்பி, ஒக்காருங்க," என்றதும், அவன் உட்காரவில்லை, கதிரையில் விழுந்தான்.

"கொண்டாடி அந்தக் கம்ப்யூட்டர," என்றாள் அங்கம்மா. "முழுசா பாக்கச் சொன்னியே. எல்லாரும் பாக்கட்டும்."

நிரோஷினி கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்தாள். துவாரகன்தான் பேசினான்.

"இஞ்ச பாருங்கோ அன்ரி. இது நெஞ்சில இருக்கிற ஒரேயொரு கலம், செல் எண்டுவினம். உப்பு உள்ள போய் வெளிய வர, இதுக்குள்ள ஒரு துடிப்பு வரும். இப்பிடி ஆயிரக்கணக்கில சேர்ந்தா இது இழையம். அதுகள் சேர்ந்தா முழு இதயம். மூண்டையும் தனித்தனியாக் கணக்குப் பாத்து, பிறகு ஒண்டுக்குள்ள ஒண்டா வைக்கிறம். ஒரு கலம் துடிச்சா பக்கத்துக் கலத்துக்குச் சொல்லும். அது அடுத்ததுக்குச் சொல்லும். சொல்லி முடிச்ச கலம் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்."

"பேசாம இருக்குமா?" என்றார் ஜமால்தீன் நானா. "அப்ப அது நம்மட லேன் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கஜலட்சுமிதான் உரக்கச் சிரித்தாள்.

"அங்கிளின்ர நெஞ்சில ஒரு குறுக்கு வழி இருக்கு," என்றான் துவாரகன். "செய்தி அதால சுத்தி, முதல் சொன்ன ஆளிட்டயே திரும்பி வந்திடும். அவர் அதைப் புதுச்செய்தி எண்டு நினைச்சுத் திரும்பவும் சொல்லுவார். அது திரும்பவும் சுத்தும். அதுதான் இந்த ஓட்டம்."

திரையில் அலை சுழன்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சுதேஷ் தன் கையில் மிச்சமிருந்த கொடியைப் பார்த்தான். அங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நெஞ்சு நடுங்கி, வெளுத்து, நின்றது. அவள் கண்ணை மூடப்போனாள்.

"மூடாதீங்கம்மா," என்றாள் நிரோஷினி. "இங்கதான் நீங்க கம்ப்யூட்டர மூடினீங்க."

திரையில் அதே நெஞ்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஓரத்தில் அரிசி மணியளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. சுட்ட இடம். அலை வந்தது, குறுக்கு வழிக்குப் போனது, புள்ளியில் முட்டி அவிந்தது. நெஞ்சு ஒழுங்காகத் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

"இது அப்பா இல்லம்மா," என்றாள் நிரோஷினி. "அப்பாட ஈசிஜிய வச்சு, அப்பா மாதிரி ஒன்னு. இது சொல்லுதுன்னு ஒப்பரேஷன் செய்யல்ல. செய்யணும்னு டொக்டர் சொல்லிட்டாரு. அப்பாவுக்கு வெளங்கட்டும்னு தான் நான் இத செஞ்சேன்."

"அப்ப ஏன்டி அவரு பேர வச்ச?"

"பேரில்லாம செய்ய மனசு வரல்ல."

"எத்தன தடவ நிப்பாட்டின?"

"எண்ணல்ல." அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. "ஆனா ஒரு நாளும் அப்பிடியே விட்டுட்டுப் படுக்கப் போவல்ல. திரும்ப எழுப்பி, ஒழுங்கா துடிக்க விட்டுட்டுத்தான் மூடுவேன்."

ராஜலிங்கம் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைத் துடைக்கச் சேர்ட் கையைத் தூக்கியவர், கழுத்துவரை பூட்டிய பட்டனைத் தொட்டு, அதைக் கழற்றினார். பிறகு, பிள்ளைகளின் தாய்மார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"மறைச்சது பெழதான்," என்றார். "ஒங்க புள்ளைகள வச்சிக்கிட்டு மறைச்சிருக்கக் கூடாது. இனி நீங்க என்னா சொல்றீங்களோ அதுதான்."

யாராவது இதமாக ஒன்று சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆஸிகாதான் வாய் திறந்தாள், அதில் இதம் ஒன்றும் இல்லை. அவள் காலில் கல் குத்தி இரத்தம் இன்னும் காயவில்லை.

"ஒப்பரேஷன் செஞ்சி, டொக்டர் ஓட்டலாம்னு சொல்லுற வரைக்கும் என்ட புள்ள ஒங்கட வேன்ல ஏற மாட்டான்."

"சரிம்மா."

"வேற வேன்லயும் ஏற மாட்டான். நாங்க மாறி மாறி நடத்திக் கூட்டிட்டுப் போறோம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஜன்னலோரத்து சீட்ட வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. அவன் அழுவான்."

மற்றத் தாய்மாரும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையின் சீட்டைச் சொல்லி வைத்தார்கள். ராஜலிங்கம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"எப்பப் போறீங்க?" என்று கேட்டாள் அங்கம்மா.

"நாளைக்கே போய் டொக்டர்ட்ட நாள் கேக்குறேன்."

"போறேன் இல்ல. போறோம்."

விளக்கு வைப்பதற்குள் கொடியெல்லாம் கழற்ற வேண்டும் என்று அங்கம்மா நின்றாள். ஏற்றின கொடியை அடக்கத்துக்கு முதல் இறக்குகிற வழக்கம் இல்லையே என்று சுதேஷ் தலையைச் சொறிந்தான். சங்கத்து விதியில் இதற்கு இடமே இல்லை. கடைசியில் அங்கம்மாவே நீற்றுப்பூசணிக்காய் ஒன்றைக் கணவனின் தலையைச் சுற்றி முச்சந்தியில் உடைத்துவிட்டு, தன் கையாலேயே முதல் கொடியை அவிழ்த்தாள். ஜமால்தீன் நானா ஷட்டரை முழுக்கத் திறந்தார்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் முறை வருவதற்குக் கொஞ்ச காலம் எடுத்தது. அதுவரை வேன், கீழே தார்ப்பாய் போர்த்தி நின்றது. காலையில் பிள்ளைகள் வரிசையாக நடந்து போனார்கள். பெரும்பாலான நாட்களில் வரிசைக்குக் கடைசியில் ராஜலிங்கமும் ஒரு குடையோடு போனார், ரோட்டைக் கடக்க வைக்க. உள்ளே போய் வெளியே வர அரை நாள்கூட ஆகவில்லை, ஒரு புள்ளியைச் சுட்டார்கள், அவ்வளவுதான் என்று வந்து சொன்னார். அங்கம்மாதான் இன்னமும் சொல்லி முடிக்கவில்லை.

சுதேஷ் செயலாளர் பதவியை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். இப்போதிருக்கிற செயலாளர் சாவு வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடியை எடுக்கிறார். கஜலட்சுமி மகள் வீட்டோடு கெலிஓயாவுக்குக் குடிபோய்விட்டாள். அங்கிருந்து வரும் செய்திகளைப் பாதிக்குப் பாதி கழித்துக் கேட்கிறேன். ஆஸிகாவின் நஸீப் மறுபடி வேனில் ஜன்னலோரத்தில் இருக்கிறான்.

நிரோஷினியைத் துவாரகன் கட்டிக்கொண்டான். இரவல் வெள்ளை சேர்ட்டைப் பார்த்த அன்றைக்கே நான் சொன்னேன், கேட்டுப்பாருங்கள். இரண்டு பேரும் நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதே நெஞ்சு வேலையைச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அங்கம்மா சத்தமாகப் பேசுகிறவள், நான் காது கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. சாப்பாடு, பனி, ஜாக்கெட் எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் ஒன்று கேட்பாள்.

"அப்பாட நெஞ்சு அங்க எப்பிடிடி இருக்கு?"

"துடிக்குதும்மா. இப்பதான் பாத்தேன்."

"இங்கயும் தான்," என்பாள் அங்கம்மா. கதிரையில் தூங்கிக்கொண்டிருக்கிறவரைப் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துதான் அதைச் சொல்வாள்.